கண்ணில்லாத இறால்

ஆட்சி மாறிவிட்டது. எங்கள் ஊரில் அறுப்புக் கூலி மட்டும் மாறவில்லை. குறுவை முற்றி நின்றபோது, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சேரித் தெருக்காரர்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். என் மாமனார் சாரங்கபாணிதான் பண்ணை. தம் பம்புசெட்டில் அவர்கள் குடிதண்ணீர் பிடிக்கக்கூடாது என்று ஆள் போட்டு மறித்தார். போங்கள் ஐயா என்று அவர்கள் தங்கள் பழைய கிணற்றையே ஆழமாக வெட்டி, புது ஊற்றைத் திறந்துவிட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அந்த ஊற்றோடு இறாலும் வந்தது. அந்தத் தெருக் காளியம்மாள் அதைச் சட்டியில் ஏந்திக்கொண்டு, திருத்துறைப்பூண்டியில் நான் விலங்கியல் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"டீச்சரம்மா, கெணத்துல மருந்தக் கலந்துட்டாங்க. கண்ணு வெந்து, ஒடம்பு வெளுத்துப்போச்சு பாருங்க."

அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. புது ரக நெல்லோடு பூச்சிமருந்தும் வந்து, வயல் மீனெல்லாம் வெளுத்து மிதந்த வருஷம் அது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குடல் வெளியே தெரிகிற உடம்பு. கண் வெந்த வடு இல்லை, கண்ணே இல்லை. ஆனால் துள்ளியது.

"இது சாகுற எறா இல்ல காளியம்மா. பூமிக்கடியில இருட்டுத் தண்ணியில தலைமுறை தலைமுறையா இருக்குறது. அங்க கண்ணுக்கு வேலை இல்ல, போயிடுச்சு. நெறமும் அப்படித்தான். மீசை எவ்வளவு நீளம் பாரு, தடவித் தடவியே எரை தேடும். எரை கொஞ்சம், அதனால முட்டையும் கொஞ்சமாத்தான் போடும். மருந்து கலந்திருந்தா மொதல்ல இதுதான் செத்திருக்கும்."

"உங்க மாமனார் சொல்லச் சொன்னாரா?"

சுருக்கென்றது எனக்கு. ரோஷத்தோடு சாயங்காலம் அந்தத் தெருவுக்கே போய், எல்லோர் முன்னாலும் ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். பண்ணை மருமகள் இந்தத் தெருவில் தண்ணீர் குடித்தாள் என்று பேசுவார்கள் என ஒரு பெருமை வேறு.

காளியம்மாள் சொம்பை வாங்கிக் கவிழ்த்தாள். அவளிடம் கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

"நீங்க குடிப்பீங்க. ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்குப் போக வீட்டுல காரு நிக்குது. எங்க புள்ளைங்களுக்கு?"

மறுநாள் தெருவே குடங்களோடு பம்புசெட்டுக்குப் போனது. பழைய கூலிக்கே அறுக்கிறோம் என்று சொன்ன பிறகுதான் மாமனார் மோட்டாரைப் போடச் சொன்னார்.

எனக்கு ஒரு வயிற்றுவலிகூட வரவில்லை. அறுப்பு முடிந்த அன்று காளியம்மாள் வரப்பில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கீங்க டீச்சரம்மா. அப்ப தண்ணி நல்ல தண்ணிதான்."

அவளுக்குப் பின்னால் வயல் முழுக்க வெறும் தாள்தான் நின்றது. இனி எதைக் காட்டிக் கூலி கேட்பார்கள்?