பதினாறு எழுத்து, இரண்டு வரி

மூன்று நாளாக அந்தக் கண்ணாடித் துண்டு தனத்தின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. முட்டை அடைகாக்கும் பெட்டிக்கு வெப்பம் காட்டும் மீட்டர். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப், வெளியே எழுத்துக் காட்டும் இந்த எல்.சி.டி. கண்ணாடி. வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி காட்ட வேண்டும். காட்டினால்தானே! சனியன், கழுவி வைத்த தட்டு மாதிரி வெறுமனே கிடந்தது.

"ஒயரிங் நான் வரைஞ்ச படம், அதுல தப்பு வராது. உன் புரோகிராம்லதான் கோளாறு" என்றார் முதலாளி வேதசிரோமணி. குரோம்பேட்டையின் அந்த ஒற்றை அறைக் கம்பெனியில் அவர் வைத்ததுதான் சட்டம். புரோகிராமை ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் சிப்பைக் கழற்றி, நீல விளக்குப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்துப் பழையதை அழிக்க வேண்டும். தொண்ணூற்று மூன்று மே மாதப் புழுக்கத்தில் தனம் பதினேழு தடவை அழித்து எழுதியிருந்தாள். கண்ணெல்லாம் எரிந்தது.

மதியம் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் போன் செய்தாள். "பாப்பாவுக்கு ஒடம்பு கொதிக்குது தனம். அம்மா அம்மானு அனத்திகினு கீது. சீக்கிரம் வந்துடு."

தனம் லீவு எழுதி நீட்டினாள். வேதசிரோமணி பிரித்துக்கூடப் பார்க்காமல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் தள்ளினார். "நாலு மணிக்குப் பார்ட்டி வர்றார். டிஸ்ப்ளே வரட்டும், அப்புறம் பேசலாம்."

அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. எப்படியும் கண்ணாடியில் ஒரு மண்ணும் தெரியப்போவதில்லை. சோதனை வாசகத்தின் இடத்தில் மனசில் இருந்த தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துச் சிப்பில் ஏற்றினாள். இந்தத் தடவையும் ஒன்றும் தெரியவில்லை.

நாலு மணிக்கு, திருநீர்மலைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் முஸ்தபா பாய் வந்து உட்கார்ந்தார். தனத்துக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. எல்.சி.டி.யின் மூன்றாவது கால், எழுத்தின் கருமையைக் கூட்டிக் குறைப்பது. முதலாளியின் படத்தில் அது நேரே ஐந்து வோல்ட்டுக்குப் போயிருந்தது; அப்படிப் போனால் எழுத்தே தெரியாது. அதைப் பிடுங்கி, திருகு வைத்த சின்ன ரெசிஸ்டர் ஒன்றில் சேர்த்து மெல்லத் திருப்பினாள். எழுத்துகள் கறுத்துக்கொண்டு வந்தன. அடப்பாவி! இத்தனை நாளும் அவள் எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

என்ன எழுதினோம் என்பது நினைவுக்கு வருவதற்குள் முஸ்தபா பாய் குனிந்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருந்தார். "குழந்தை ஜுரம். வீட்டுக்குப் போகணும்." நிமிர்ந்தார். "யாருக்கும்மா ஜுரம்?"

"என் பொண்ணுக்கு பாய்." அதை அவளிடம் கேட்க வெளியாள் ஒருவர் வரவேண்டியிருந்தது.

வேதசிரோமணிக்கு முகம் செத்துப்போயிற்று. "முதல்ல அதை அழி. வெல்கம்னு போட்டுட்டு அப்புறம் கிளம்பு."

தனம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அழிக்க இருபது நிமிஷம் ஆகும் சார். பெட்டி அங்க இருக்கு, நீங்களே வைங்க."