லென்ஸிடம் சொல்ல ஒரு வரி

1

இது நானாக யோசித்த கதையல்ல. இன்று மத்தியானம் ஆய்வுக்கூடத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "நீதான் எழுதுறவளாச்சே, ஒரு வரி எழுதிக் குடு." ஒன்பது வருடமாக அவளோடு லேசர் வேலை பார்க்கும் லென்ஸுக்கு (உண்மைப் பெயர் போடக் கூடாதாம்) வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவரைப் போகவிடாத ஒரு வரி அவளுக்கு வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "பிரபஞ்சத்தின் ஆழ்ந்த மௌனத்தில் இரண்டு அணுக்கள்—" (அடித்துவிட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

இரண்டாவது: அவர்களுடைய அணுவுக்கு இரண்டே படி. ஒளியை வாங்கினால் மேலே, விட்டால் கீழே. இரண்டு அணுக்களை நெருக்கி நிறுத்தி ஒரே ஒரு துளி ஒளி கொடுத்தால், அது எதனிடம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து வைத்திருக்கும். எட்டிப் பார்த்தால் அந்தக் கூட்டு கலைந்துவிடும். ஒரே தாளத்தில் இருந்தால் ஒளி சட்டென்று வெளியே வரும். எதிர்த் தாளத்தில் இருந்தால் விடாமல் பிடித்துக்கொள்ளும்.*

* போனில் படித்துக் காட்டினேன். "பரவாயில்ல" என்றாள். அவளிடம் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

3

நேற்றுக் காலை பதிவுத் தாளில் ஒரு லேசர் அரை அலை தள்ளியிருந்தது. லென்ஸ் அசந்துவிட்டார் போல என்று அக்கா நினைத்தாள். சொன்னால் மனிதர் முகம் வாடிவிடும். அவர் வெளியே போன நேரம் பார்த்து, காதும் காதும் வைத்தாற்போல் சரிசெய்தாள். மேடம்தான் அசந்துவிட்டார் என்று நினைத்த லென்ஸ், இருபது நிமிடம் முன்பே அதையே செய்திருந்தார். இருவரும் தாளைப் பார்த்தார்களே தவிர, லேசரின் திருகு எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. இரண்டு அரையும் சேர்ந்து ஒரு முழு அலையாகி, பழைய பிழையையே கொண்டுவந்தன. ஒளியை எண்ணும் கருவி நாள் முழுக்கப் பூஜ்யம் காட்டியது.

(லென்ஸ் இவ்வளவு நல்லவரா என்று எனக்கே சந்தேகம். ஒரு கெட்ட குணமாவது சொல்லேன் என்றேன். டீ கப்பைக் கழுவவே மாட்டார் என்றாள், குழைந்துபோய்.)

மாலையில் அவர் தன் நோட்டைப் பிரித்து அவள்முன் வைத்தார்.

"நான்தான் மேடம் தொட்டேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

அக்கா தன் நோட்டைப் பிரித்தாள். படித்ததும் இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அரை அலை நகர்த்தியதும் ஒளி வந்தது. அதுவரை அது தொலையவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு அணுக்களும் தங்களுக்குள் வைத்திருந்திருக்கின்றன. சிரித்து ஓய்ந்த பிறகுதான் லென்ஸ் புது வேலையைப் பற்றிச் சொன்னார்.

4

முடிவு அ: "நீங்கள் இல்லாமல் இந்த ஆய்வு—" (பொய். ஆய்வு எப்படியும் நடக்கும்.)

முடிவு ஆ: "நீங்கள் போனால் என் வாழ்க்கை இருண்டு—" (அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.)

நாலு ஐம்பதுக்கு மறுபடி போன். லென்ஸின் அறை வாசலில் நிற்கிறாளாம். வரி எங்கே என்று கேட்கவில்லை.

"ஒண்ணும் பேசாத. சும்மா கூட இரு."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வாங்க மேடம்" என்றது ஓர் ஆண் குரல். அவள் போனை அணைக்க மறந்துவிட்டாள்.

இன்னும் அரை நிமிடம் காதில் வைத்திருந்தால் எனக்கு முடிவு கிடைத்திருக்கும். நானே அணைத்துவிட்டேன். கதை எனக்கு உயிர்தான். அக்கா அதற்கும் மேல்.

ஆகவே மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர் இருப்பதும் போவதும் உங்கள் இஷ்டம். ஆனால் முதலில் அக்காவைப் பேசவிடுங்கள்.