சிலுவை போட்ட வரட்டி

தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி வேலிக்கு மேலாகக் கார்டை நீட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் கரிசல் கட்டிகளை மண்வெட்டியின் பின்புறத்தால் உடைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாமேரி, கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். மாமியார் செவத்தியம்மாள் மகள் ஜெயகுமாரியின் பிரசவத்துக்காகத் தூத்துக்குடி போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. தான் சொல்லச் சொல்ல மருமகனை எழுத வைத்திருந்தாள்.

"ஜெயாவுக்கு ஆண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் வருகிறேன். தோட்டத்தைக் கொத்தி எருப் போடவும். மாசி முடிவதற்குள் சுரை ஊன்றவும். விதை பின்சுவரில் சிலுவை போட்ட இரண்டு வரட்டிக்குள் இருக்கிறது. அதை எடுத்து அடுப்பில் வைத்துவிட வேண்டாம்."

கடைசி வரியை ஸ்டெல்லா இரண்டாம் முறையும் படித்தாள். அடுப்பில் வைத்து எட்டு நாள் ஆகிவிட்டதே!

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். அங்கே அடுப்புக்கு உடைமர விறகு. சாணியைத் தட்டிச் சுவரில் காயவைப்பதையே கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தாள். அதற்குள் விதையைப் பொதிந்து வைத்தால் பூச்சி அண்டாது என்பதை அவளுக்கு யார் சொன்னார்கள்? சுரை ஊன்றும் வேலைக்கு மாமியார் அவளை இதுவரை கிட்டவே விட்டதில்லை. ஐம்பது வரட்டிக்கு நடுவில் இரண்டில் மட்டும் சுண்ணாம்பால் சிலுவை போட்டிருந்ததைப் பார்த்ததும், சாமியார் மந்திரித்துக் கொடுத்ததாக்கும் என்று நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

ஒருநாள் அதில் ஒன்று கழன்று விழுந்து கோழி கிளறிக்கொண்டிருந்தது. பதறிப்போய் எடுத்தாள். மந்திரித்த பொருள் காலில் மிதிபடக் கூடாது, குப்பைக்கும் போகக் கூடாது, நெருப்பில்தான் சேர வேண்டும் என்பது ஞானோபதேச வகுப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்துத்தானே இந்த வருஷம் நெற்றியில் சாம்பல் பூசுகிறார்கள்? ஆகவே மற்றதும் விழுந்து மிதிபடுமுன் அதையும் பெயர்த்தெடுத்து, இரண்டு வரட்டியையும் மாதா படத்துக்குக் கீழே நாலு நாள் பத்திரமாக வைத்திருந்து, சாம்பல் புதன் அன்று ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்திக் கஞ்சி காய்ச்சும்போது "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டே அடுப்பில் வைத்தாள். உள்ளே படபடவென்று ஏதோ வெடித்தது. அதையும் ஒரு ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டாளே, அதுதான் கொடுமை.

அந்தச் சுரை சாதாரணச் சுரை இல்லை. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடையில் வாங்கிப் போடும் சுரை அந்தத் தண்ணீருக்கு முழங்கால் உயரம் வந்ததும் கருகிப்போகும். தப்பித்தவறிக் காய்த்தாலும் வாயில் வைக்க முடியாத கசப்பு. செவத்தியம்மாளின் மாமனார் காலத்திலிருந்து அந்த வீட்டில் வருகிற நீட்டுச் சுரை மட்டும் உப்பைக் குடித்துவிட்டு வெண்ணெய் மாதிரி காய்க்கும். ஆனி பிறக்கும் முன்னே அந்தோணியார் திருவிழா வரும். ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அசனச் சாம்பாருக்கு முதல் காய் அந்த வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ஊரில் வேறு யாரிடமும் அந்த விதை கிடையாது. கேட்டாலும் செவத்தியம்மாள் கொடுக்க மாட்டாள். அப்படியென்றால் ஸ்டெல்லா எரித்தது இரண்டு வரட்டியை இல்லை, மூன்று தலைமுறைச் சுரையை.

அதற்கு மேலேயும் ஒன்று உண்டு. "கடக்கரப் பிள்ளைக்கு மண்ணப் பத்தி என்னடா தெரியும்?" என்று பெண் பார்க்கும்போதே முகத்தைச் சுளித்தவள் செவத்தியம்மாள். இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான், பஸ் ஏறும்போது, "தோட்டத்த ஒன்னைய நம்பி விட்டுட்டுப் போறேன் ஸ்டெல்லா" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த வார்த்தையை ஸ்டெல்லா தினமும் ஒருமுறை நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இனிமேல் அதை எந்த முகத்தோடு நினைப்பது?

சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்த புருஷன் மிக்கேல்ராஜ் கார்டைப் படித்தான், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான், விஷயத்தைக் கேட்டான், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏட்டி, எங்கம்மா அடிக்க மாட்டா. பேசுவா. அடிச்சாக்கூடத் தேவலன்னு இருக்கும்."

"தைரியம் சொல்லுவியன்னு பாத்தா, நல்லா சொல்லுதிய!"

மறுநாள் கோவில்பட்டியிலிருந்து ஒரு விதைப் பொட்டலம் வாங்கி வந்தான். "இதுவும் நீட்டுச் சுரைதானாம். கடக்காரரு சொன்னாரு" என்றான்.

"அத்த எலையத் தடவிப் பாத்தே சொல்லிருவாவ. அதுவுமில்லாம நம்ம தண்ணிக்கு இது நிக்குமா? நீங்க பேசாம இருங்க."

பயம் வந்தால் சிலர் படுத்துவிடுவார்கள். ஸ்டெல்லா அந்த ரகம் இல்லை. ஒன்று போய்விட்டதே என்று மற்றதையெல்லாம் விழுந்து விழுந்து செய்தாள். உரக்குழியைத் தோண்டி மக்கின எருவைக் கூடை கூடையாகச் சுமந்து பாத்தியில் பரப்பினாள். வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினாள். கத்தரி நாற்றைப் பிடுங்கி இடம்விட்டு நட்டாள். ஆடு நுழைந்திருந்த இடத்தில் புதுப் பருத்திமார் வைத்து வேலியை அடைத்தாள். துணி துவைக்கிற கல்லிலிருந்து வீணாக ஓடிய தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கறிவேப்பிலைக்குத் திருப்பினாள். பந்தல் கால்களை ஆட்டிப் பார்த்து, இற்றுப்போன கயிறுகளை அறுத்துப் புதுக் கயிறு கட்டினாள். பந்தலடியில் சுரைக்குழியும் வெட்டி எருப் போட்டாள். ஊன்றத்தான் விதை இல்லை. குழி நாலு நாளாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அடுத்த வீட்டு ஆவுடைத்தாய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். ஏழெட்டு ஏக்கர் கரிசலுக்குச் சொந்தக்காரி. செவத்தியம்மாளுக்கு ஒரு பத்து வயது இளையவள்.

"ஏட்டி, குழி வெட்டி நாலு நாளாச்சு. யாரப் பொதைக்கப் போற?"

"என்னையத்தான் சின்னத்த" என்றாள் ஸ்டெல்லா. அவ்வளவுதான், அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கோழி கிளறியதில் தொடங்கி ஒருசந்திக் கஞ்சி வரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

ஆவுடைத்தாய் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு தாங்காமல் வேலியோரம் உட்கார்ந்தேவிட்டாள். "மந்திரிச்ச வரட்டியா! அட கோட்டிக்காரி!" பிறகு திடீரென்று சிரிப்பு நின்றது. "ரெண்டையுமா எரிச்ச?"

"ரெண்டையுந்தான்."

"ஒண்ணுகூட மிச்சமில்லியா?"

"ஒரு விதைகூட இல்ல சின்னத்த."

ஆவுடைத்தாய் எழுந்து தெருப்பக்கம் பார்த்தாள், தன் வீட்டு வாசல் பக்கம் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "இங்கன நடக்கது ஒம் மாமியாருக்குத் தெரியக் கூடாது. ஒன் மாதா மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"நானும் உச்சிமாகாளி மேல ஆணையா, நீ எரிச்சத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றவள் வீட்டுக்குள் போய் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். வரட்டி! அதன் மேல் சுண்ணாம்புச் சிலுவை.

ஸ்டெல்லாவுக்குக் கண் பிதுங்கிவிட்டது. "இது ஒங்களுக்கு எப்படி..."

"எப்படின்னா என்ன எப்படி? களவாண்டேன். ஒம் மாமியா மூணு தட்டுவா. பொங்கலுக்கு அப்புறம் ஒண்ணு எங்கைக்கு வந்துரும். ஆறு வருசமா இதான் நடக்கு. அவகிட்ட கேட்டா தருவாளா? கிணத்தடியில சோளத்துக்குள்ள கொடிய விட்டிருவேன், ஒருத்தர் கண்ணுலயும் படாது. முத்த விட்டா மஞ்சளா தொங்கிக் காட்டிக்குடுத்துரும்னு பிஞ்சாவே பறிச்சுருவேன். அதான் வருசா வருசம் களவாங்க வேண்டியிருக்கு."

வரட்டியைக் கல்லில் தட்டி உடைத்தாள். பதினாலு விதை இருந்தது. பாதியைத் தான் வைத்துக்கொண்டு மீதி ஏழு விதையை ஸ்டெல்லாவின் கையில் வைத்து மூடினாள். ஸ்டெல்லா அந்தக் கையை விடவேயில்லை. வேலி முள் கிழிப்பதையும் பார்க்காமல் ஆவுடைத்தாயைக் கட்டிக்கொண்டு இன்னொரு பாட்டம் அழுதாள். இந்த அழுகை வேறு. இத்தனை நாள் கனம் அதில் இறங்கிவிட்டது. அன்று ராத்திரிதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் கூர்முனை கீழே இருக்கும்படி ஊன்றினாள். ஏழில் ஐந்து முளைத்தது. இலையை வண்டு அரிக்காமல் அதிகாலைப் பனி காயுமுன் சாம்பல் தூவினாள். பங்குனி வெயிலுக்குக் கரிசல் பாளம் பாளமாக வெடித்தபோதும் சுரைக்குழி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் கொடி பந்தல் காலைப் பிடித்துவிட்டது.

செவத்தியம்மாள் சொன்னபடி சனிக்கிழமை மத்தியானம் கழுகுமலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போகவில்லை. கையில் பையோடு நேரே தோட்டத்துக்குத்தான் போனாள். மருமகள் பின்னாலேயே ஓடினாள். கிழவி கத்தரியைப் பார்த்தாள், வெண்டையை நிமிர்த்திப் பார்த்தாள், புது வாய்க்காலைக் காலால் அளந்தாள்.

"கடக்கரப் பிள்ள கையா இது? எனக்கே இப்படி வந்ததில்லட்டி!"

பிறகு பந்தலடிக்குப் போய்ச் சுரை இலையை விரலால் தடவினாள். "நம்ம சுரைதான்" என்று சொல்லித் திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

அங்கேயே விட்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் அந்தப் பாராட்டு ஸ்டெல்லாவுக்கு இறங்க மறுத்தது. சும்மா கிடைத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். பொய்யின் மேல் நின்று வாங்க முடியவில்லை.

"அத்த, நீங்க வச்சிருந்த வரட்டி ரெண்டையும் நான் எரிச்சுட்டேன். சிலுவையப் பாத்து மந்திரிச்சதுன்னு நெனச்சுட்டேன். கார்டு அதுக்கப்புறந்தான் வந்துச்சு. என்னைய என்ன வேணும்னாலும் ஏசுங்க."

செவத்தியம்மாள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எரிச்சுட்டியா? அப்ப இது?"

"அதக் கேக்காதீங்க அத்த. மாதா மேல சத்தியம் பண்ணிருக்கேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த விளக்குமாற்றுச் சத்தம் நின்றுபோயிருந்தது. செவத்தியம்மாள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி ஆவுடை! பதுங்கினது போதும், எந்திரி. இந்த வருசம் ஒம் பங்குல எத்தன விதை இருந்துச்சு?"

ஆவுடைத்தாயின் தலை வேலிக்கு மேல் மெல்ல முளைத்தது. "எம் பங்கா? என்ன பங்கு, அக்கா?"

"மூணு வரட்டி தட்டுதேனே, ரெண்டு எனக்கு, ஒண்ணு ஒனக்கு. நான் என்ன எண்ணத் தெரியாதவளா?"

ஆவுடைத்தாய்க்கு வெட்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ஆறு வருசமா வேலி தாண்டி, முள்ளுல சேலைய கிழிச்சு, முட்டியப் பேத்துக்கிட்டு எடுத்துருக்கேன். எனக்குன்னு தட்டி வச்சதையா எடுத்தேன்? இந்தாடின்னு கையில குடுத்தா என்னக்கா?"

"குடுத்துப் பாத்தாச்சுட்டி! எந்தங்கச்சிக்குக் குடுத்தேன், உபதேசியார் பொண்டாட்டிக்குக் குடுத்தேன், இன்னும் ரெண்டு பேரு. ஒரு வருசம் போட்டாளுவ, மறு வருசம் விதைய எலிக்கு விட்டாளுவ. கேட்டு வாங்கினவ அசட்டையா வப்பா. களவாண்டவ கண்ணுக்குள்ள வச்சுக் காப்பா. எனக்கு ஒண்ணு போனாலும் ஒங்கிட்ட இருக்கும்னுதான் நிம்மதியா தூங்குதேன். அந்தச் சிலுவை எனக்கு அடையாளத்துக்கா? அவசரத்துல நீ வெறும் வரட்டியத் தூக்கிட்டுப் போயிரக் கூடாதேன்னு போட்டதுட்டி!"

ஸ்டெல்லா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மனசுக்குள் ஒரு சொட்டுப் பயம் பாக்கி இல்லை. செவத்தியம்மாள் குனிந்து அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சிலுவைய மதிச்சு எரிச்சவள நான் எப்படி ஏச? ஒளிக்காம சொன்ன பாரு, அது போதும். ஆனா ஒண்ணு. அடுத்த தடவ வரட்டி நீதான் தட்டணும். மூணு பத்தாது, நாலாத் தட்டு."

"நாலு எதுக்கு அத்த?"

"ரெண்டு நமக்கு. ஒண்ணு அவ களவாங்க. ஒண்ணு நீ எரிக்க."