வக்கீலுக்கு ஒரு ஞானத்தாய்

டெல்ஃபினோவுக்கு ஐம்பத்திரண்டு வயசில் கல்யாணம் கூடி வந்தது. ஊரே வாயைப் பிளந்தது. சைக்கிள் கடையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்து சேவலோடு பேசிக்கொண்டிருக்கிற மனுஷனை எவள் கட்டிக்கொள்வாள்? நியேவெஸ் கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்க்கிற நர்ஸ். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"நான் காலையில எட்டு மணிக்கு வந்து படுப்பேன். எட்டே காலுக்கு உன் சேவல் ஆரம்பிக்கும். அதுமேல எனக்கு ஒரு கோபமும் இல்ல டெல்ஃபினோ. ஆனா நான் தூங்கணும்ல?"

நியாயமான பேச்சு. அதுதான் அவனுக்குச் சங்கடம். அநியாயமாகக் கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

சேவலின் பெயர் வக்கீல். திருவிழாவில் பச்சைச் சாயம் பூசி விற்பார்களே, அந்தக் குஞ்சுகளில் ஒன்று. அதுகள் ஒரு வாரம் தாண்டினாலே பெரிய விஷயம். இது அஞ்சு வருஷம் தாண்டியது. நெஞ்சை நிமிர்த்தி ஒரு அடி வைக்கும், நிற்கும், தலையைச் சாய்த்து எதிராளி சொல்வதைக் கேட்கும், பிறகு அடுத்த அடி. டெல்ஃபினோ கடைத்தெருவுக்குப் போனால் சைக்கிள் கைப்பிடியில் உட்கார்ந்து கூடவே போகும். அம்மா செத்த வருஷம் அந்த வீட்டில் அவனுக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஊருக்கே தெரியும்.

சேவலைக் கொடுக்கப்போகிறான் என்று தெரிந்ததும் ஆட்கள் வந்தார்கள், வராமல் என்ன! சேவற்சண்டைக்காரன் ஒருவன் வந்து காலைப் பிடித்துப் பார்த்து, "கொண்டைய அறுத்துட்டு கால்ல கத்தி கட்டினா நல்லா நிக்கும்" என்றான். இன்னொருத்தி மாம்பழம் வாங்குகிற மாதிரி நெஞ்சை அமுக்கிப் பார்த்தாள். ரெண்டு பேரையும் டெல்ஃபினோ வாசலோடு திருப்பி அனுப்பினான்.

கடைசியில் மிஞ்சினது காஸ்துலா. சின்ன வயசிலிருந்து சிநேகிதி. வீட்டுக்குப் பின்னால் பெரிய கொல்லை, சோளக்கொல்லையும் பத்துப் பன்னிரண்டு கோழிகளும் உண்டு. சேவலுக்குச் சொர்க்கம்தான். ஒரே ஒரு இடைஞ்சல், அவள் தொழில் மோலே சமைத்து விற்பது. மிளகாயும் எள்ளும் சாக்லேட்டும் அரைத்து, அந்தக் கறுப்புக் குழம்பில் கோழியைப் போட்டுக் கொதிக்க விட்டாள் என்றால் மூன்று தெரு தாண்டி மணக்கும். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம் எதுவும் அவள் அண்டா இல்லாமல் நடக்காது. அவளிடம் போய்ச் சேவலைக் கொடுப்பதா?

"குடுத்துட்டுப் போடா, ஏன் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிற?" என்றாள் காஸ்துலா.

"இது வயசான சேவல், காஸ்துலா."

"தெரியுது."

"கறி ரப்பரா இருக்கும்."

"அதுவும் தெரியுது. உனக்கு இப்ப என்னடா வேணும்?"

டெல்ஃபினோ சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டான். மூன்று நாள் படுத்துப் புரண்டு கண்டுபிடித்த யோசனை அது. "வர்ற வாரம் அந்தோணியார் திருநாள்ல, கோயில் சாமியார் வந்து ஆடு மாட்டுக்கெல்லாம் தீர்த்தம் தெளிப்பாரு இல்ல? அன்னிக்கு இவனுக்கு நீ ஞானத்தாயா நிக்கணும்."

எங்கள் ஊரில் ஞானத்தாய் ஞானத்தகப்பன் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. ஞானஸ்நானம் கொடுக்கையில் குழந்தைக்கு உண்டு, கல்யாணக் கேக்குக்கு உண்டு, புதுசாக வாங்கின லாரிக்குக்கூட உண்டு. சேவலுக்கு இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? ஞானத்தாய் ஆகிவிட்டால் பிள்ளை அவள் பொறுப்பு. தன் ஞானப்பிள்ளையைக் குழம்பு வைத்துத் தின்றவள் என்று பேர் வாங்க எவளுக்குத் துணிச்சல் வரும்? கணக்குச் சரிதான் என்று டெல்ஃபினோ நினைத்தான்.

காஸ்துலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி" என்றாள்.

திருநாளன்று கோயில் முற்றத்தில் நிற்க இடமில்லை. கழுதைக்குத் தொப்பி, பன்றிக்குப் பாவாடை, ஒரு ஆமைக்குக்கூட ரிப்பன். நியேவெஸ் ராத்திரி வேலை முடித்த கண்ணோடு உட்கார்ந்து வக்கீலுக்கு ஒரு கறுப்புக் கோட்டும் வெள்ளைக் காலரும் தைத்திருந்தாள். "போறவன் நல்லபடியா போகட்டும்" என்றாள். அதைக் கேட்டதும் டெல்ஃபினோவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளப் போவது பற்றி மிச்சமிருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது.

"இவனுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார் சாமியார்.

"நான்தான் சாமி" என்று காஸ்துலா சேவலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். தீர்த்தம் விழுந்தது. வக்கீல், சாமியார் முகத்துக்கு நேராக ஒரு கூவல் போட்டான் பாருங்கள், முற்றமே சிரித்தது.

"அப்ப நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வீட்டுக்குப் போங்க, கொம்பாத்ரே" என்றாள் காஸ்துலா. டெல்ஃபினோ திடுக்கிட்டான். பிள்ளையின் தகப்பனும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே ஆகிவிட்டால் அப்புறம் வாடா போடா கிடையாது. நாற்பது வருஷத்து "டேய்" அந்த நிமிஷத்தோடு போயிற்று.

போய்ச் சும்மா இருந்தானா? இல்லை. மறுநாள் அவள் அரவை மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று போனான். அதற்கு மறுநாள் வேலிக்கதவு ஆடுகிறதே என்று போனான். போகிற சாக்கில் எட்டி எட்டிக் கொல்லையைப் பார்த்தான். ஆறாவது நாள் காஸ்துலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைய எண்ண வந்தீங்களா, கொம்பாத்ரே? ஒண்ணுதான் இருக்கு. இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. மத்த நாள் வந்தா கதவு திறக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபினோ ஒரு பை சோளத்தோடு போனான். கொல்லையில் கோழிகள் மேய்ந்தன. வக்கீலைக் காணோம். கூவலும் இல்லை. அடுப்பில் மோலே கொதித்துக்கொண்டிருந்தது.

"உக்காருங்க" என்றாள். தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். குழம்புக்கு நடுவில் ஒரு கால். பெரிய கால்.

'வக்கீல் எங்கே?' என்ற கேள்வி டெல்ஃபினோவின் நுனிநாக்கில் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தான். மிளகாய் வறுத்து வறுத்துக் கறுத்த விரல்களோடு காஸ்துலா எதிரே நின்றாள். அம்மா செத்தபோது ஒன்பது நாள் ஜெபத்துக்கும் வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கைதான் சமைத்துப் போட்டது. ஒரு காசு வாங்கவில்லை. அவளையா சாமியாரை வைத்துக் கட்டிப்போட்டேன்? தினம் வந்து உளவு பார்த்தேனே, சீ! அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒரு ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் தொட்டான். கறியைப் பிய்த்து வாயில் போட்டான். மென்று விழுங்கினான். இன்னொரு வாய். நிறுத்தவில்லை.

"கேக்க வந்த கேள்விய ஏன் முழுங்குனீங்க?" என்றாள் காஸ்துலா.

"கேட்டா உங்க வீட்டுல உக்காந்து சாப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, கொமாத்ரே?"

காஸ்துலா அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சமையலுக்கு இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்தாள். "தண்ணி தெளிக்கலைன்னா நான் அவனை அறுத்திருப்பேனா? 'இவனைப் பாத்துக்கோ'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதாதா? உங்களுக்கு நிம்மதியா தூக்கம் வரணுமேன்னுதான் அன்னிக்குக் கோயில்ல நின்னேன். அப்புறமும் தினம் வந்து எட்டிப் பாத்தீங்க பாருங்க... கோபம் வந்துச்சு. அவனை உள்ள வச்சுப் பூட்டிட்டு வேற கோழிய அறுத்தேன். எனக்குக் கோபம் வரக் கூடாதா?"

எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள். வக்கீல் வெளியே வந்தான். ஒரு அடி வைத்தான், நின்றான், டெல்ஃபினோவை ஒரு கண்ணால் பார்த்தான். கிட்டே வந்து அவன் செருப்பு வாரை ரெண்டு கொத்து கொத்தினான். பிறகு திரும்பி நடந்துபோய் காஸ்துலாவின் பாவாடையோரம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

டெல்ஃபினோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமும் வலியும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிளகாய்..." என்றான்.

"அழுறதுன்னா அழுங்க, கொம்பாத்ரே. என் மோலே மேல பழி போடாதீங்க, அதுல அவ்ளோ காரம் கிடையாது."

சரி என்று தலையாட்டிவிட்டு அவன் நன்றாகவே அழுதான்.