துண்டுக்குள் இருமல்

வெள்ளிக்கிழமை நாலு மணி செமினாரில் முதலில் கேள்வி கேட்கும் உரிமை பேராசிரியர்களுக்கு, அடுத்தது பிஎச்டிக்காரர்களுக்கு. எங்களைப் போன்ற எம்.டெக். முதல் வருடத்துக்காரர்களுக்கு டீயும் நிப்பட்டுத் தட்டையும். யாரும் எழுதி வைத்த விதியில்லை. யாரும் மீறியதுமில்லை.

அன்றைக்கு நான் டீக்காகப் போகவில்லை. பேச வந்திருந்தவர் கேசவ். இருமல் சத்தத்தை வைத்தே நுரையீரலில் கல்தூசி படிந்திருக்கிறதா என்று சொல்லும் செயலியைச் செய்தவர். போன மாதம் கோலார் தங்கவயலில் நடந்த சோதனை முகாமில் அந்தச் செயலி என் அப்பாவுக்குப் பச்சை காட்டியது. சிவப்பு வந்தவர்களுக்கு மட்டும்தான் எக்ஸ்ரே சீட்டு. பதினெட்டு வருடம் சுரங்கத்துக்குள் இறங்கிய அப்பா, சீட்டில்லாமல் வீட்டுக்கு வந்து இருமிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "மிஷினே இல்லன்னு சொல்லிச்சு, நீ ஏம்மா கத்தற?" என்கிறார்.

கத்தாமல் என்ன செய்வது? ஆனால் கத்தி முடித்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மிஷின் எதைக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னது?

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி என்று கேசவ் ஆங்கிலத்தில் சொன்னார். அரங்கம் தலையாட்டியது. நோயாளிகளின் இருமலைத் தங்கவயலில் பதிவு செய்தார்களாம். நோயில்லாதவர்களின் இருமல் இதே கட்டடத்தில், மாணவர்களிடம் எடுத்தது. இரண்டையும் ஓடவிட்டுக் காட்டினார். மாணவனின் இருமல் பட்டாசு மாதிரி வெடித்தது. தங்கவயல் இருமல் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் மந்தமாக வந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கிறேன்.

அடுத்து, அந்தத் தங்கவயல் இருமல்களைப் பதிவு செய்தபோது எடுத்த படம் திரையில் விழுந்தது. வரிசையில் எட்டுப் பேர், எட்டுப் பேரிடமும் துண்டு. முன்னால் நின்றவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு போனைப் பார்த்து இருமுகிறார்.

சுரங்கத்துக்குள் தூசிக்காக வாயில் துண்டு வைத்துப் பழகியவர்கள். வேலை போய் இத்தனை வருடமாகியும் பழக்கம் போகவில்லை. என் முன்னால்கூட அப்பா துண்டில்லாமல் இருமமாட்டார். போன மாதச் சோதனை முகாமில் மட்டும் நர்ஸ், "துண்ட எடுங்க தாத்தா, சரியா கேக்கல" என்றாளாம். ஏதோ சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல, வெட்கத்தோடு வந்து சொன்னார்.

கேள்வி நேரம் வந்ததும் பேராசிரியர் ஒருவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"சார், உங்க ஆப்ப இப்ப ஓடவிட முடியுமா?"

துறைத்தலைவர் ஜெயலட்சுமி மேடம் திரும்பி, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "லவினா, ஸ்டூடண்ட்ஸ் லாஸ்ட்லம்மா. ஒந்து நிமிஷ இரு."

"இருந்தா டீ வந்துரும் மேடம். அப்புறம் எல்லாரும் ஓடிருவீங்க."

பின்வரிசை சிரித்தது. கேசவும் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். நான் நேராக இருமினேன். பச்சை. துப்பட்டாவை நாலாக மடித்து வாயில் வைத்து இருமினேன்.

சிவப்பு.

"வெயிட், வெயிட், கோஇன்சிடென்ஸ்" என்று கேசவ் போனை வாங்கினார். சும்மா இருமினார், பச்சை. கைக்குட்டைக்குள் இருமினார், சிவப்பு. மேடம் புடவைத் தலைப்பைப் பொத்தி இருமிப் பார்த்தார். அவருக்கும் சிவப்பு.

"நாளைக்கு மெடிக்கல் லீவ் போட்டுரட்டுமா கேசவ்?"

கேசவ் ஓசூர்க்காரர். ஒரு மணி நேரம் ஆங்கிலம் தவிர வேறு பேசாதவர் தமிழுக்கு வந்துவிட்டார். "அப்ப இது நோயக் கேக்கவே இல்லியா?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

"துணியக் கேக்குது சார். துணி இருந்தா நோயாளி, இல்லாட்டி ஸ்டூடண்ட். நீங்க குடுத்தத அது கரெக்டாதான் படிச்சிருக்கு."

"ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன். ஒரு தடவகூடத் தோணல."

"உங்க வீட்ல யாரும் துண்டு வெச்சு இருமிருக்க மாட்டாங்க" என்றேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. "போன மாசம் நர்ஸ் பேச்சக் கேட்டு எத்தன பேரு துண்ட எடுத்தாங்களோ, அத்தன பேருக்கும் பச்சதான வந்திருக்கும்? அதுல ஒருத்தர் எங்கப்பா."

கேசவ் மேடை விளிம்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். "அன்னிக்கு வந்தவங்க நூத்திப் பதினோரு பேரு. எழுபத்தெட்டு பச்ச." பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினார். "எல்லாருக்கும் எக்ஸ்ரே எழுதச் சொல்லி முகாம் டாக்டருக்கு மெயில் போடறேன்."

"எப்ப?"

"இப்பவே எழுதறேன்."

அவர் தட்டியதை மேடம் குனிந்து படித்து, 'எடுக்கலாம்' என்றிருந்ததை 'எடுத்தாக வேண்டும்' என்று மாற்றச் சொன்னார். அனுப்பியாகிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பச்சைய மறந்துருப்பா. எக்ஸ்ரேக்குக் கூப்புடுவாங்க, போகணும்."

"அப்ப எனக்கு இருக்குங்கறியா?"

"தெரியாது. அந்த மிஷினுக்கும் தெரியாது. நீ துண்ட எடுத்துட்டன்னு மட்டும்தான் அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் அப்பா இருமினார், துண்டுக்குள்.

"ஏம்மா, அதுக்குக் கண்ணு இல்லியே. துண்டு இருக்கா இல்லியான்னு எப்படிக் கண்டுபுடிச்சுது?"

உள்ளே டீ ஆறிக்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.