பருத்திக்குள் துழாவினவள்

கிட்ட வாங்க கண்ணுகளா, காலை மடக்கி உக்காருங்க. துழாவுறதுன்னா என்னன்னு ஒரு கதையிலே சொல்றேன். தேடுறதுக்குக் கண்ணு வேணும். துழாவுறதுக்கு உள்ளங்கை போதும்.

எண்பத்தேழாம் வருசம். ராஜபாளையத்துல, பருத்தியிலேருந்து கொட்டையைப் பிரிக்கிற ஒரு ஜின்னிங் பேக்டரியிலே குருவம்மாளுக்குத் துழாவுற வேலை. மிசினுக்குப் போறதுக்கு முந்தி பருத்திக் குவியலுக்குள்ளே கையை விட்டு, கல்லு, ஆணி கிடக்கான்னு விரலாலேயே பார்க்கணும். ஒத்த ஆணி போதும், பொறி பறந்து அம்புட்டும் எரிஞ்சுபோகும்.

அன்னைக்கு அவ மக மாடத்திக்குக் காய்ச்சல். நாலு வயசு. வீட்டுல பார்த்துக்க ஆளில்லை. பிள்ளையோட வந்தா வேலை போயிரும்னு தெரிஞ்சேதான் தூக்கிட்டு வந்தா. பத்து மணிக்கு முதலாளி கார் சத்தம் கேட்டுச்சு. பதறிப்போய்க் குவியல் ஓரத்துல குழி பறிச்சா.

"செத்த நேரம் மூச்சுக் காட்டாம படுத்துக்கோ ஆத்தா."

மேலே லேசாப் பருத்தியைத் தூவி மூடினா. முதலாளி அவளையே ஆபீசைப் பெருக்கச் சொல்லிட்டாரு. பெருக்கிட்டு ஓடி வந்தா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்த பருத்தி லோடை அந்த ஓரத்துலயே கொட்டியிருக்காங்க. ஆளுயரம்.

"மாடத்தி!"

பருத்தி சத்தத்தை விழுங்கிருச்சு. சொன்னா வேலை போகும். அந்த நினைப்பு ஒரு நொடிதான் நின்னுது.

"எம்பிள்ள உள்ள கிடக்காய்யா!"

மேஸ்திரி ஆண்டிச்சாமி மிசினை நிறுத்தினாரு. ஆம்பளையாளுக இரும்புப் பல்லு வச்ச வாரியோட ஓடி வந்தாங்க.

"வாரியக் கீழ போடுங்க!" குருவம்மாள் கத்தினா. "பிள்ள கண்ணுல குத்திரும். கையால துழாவுங்க, துழாவுங்க!"

"ஏட்டி கூறுகெட்டவளே, பிள்ளைய ஒளிக்கிற இடமாட்டி இது?" கூட வேலை செய்யுற ஜெயபாய் திட்டிக்கிட்டே தோள்வரைக்கும் கையை விட்டா.

குருவம்மாள் விரலை விரிச்சு மெல்ல மெல்ல உள்ளே போனா. உருண்டையா ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. சில்லுன்னு இருந்துச்சு. பிள்ளை தலையோ? கல்லு! எடுத்து எறிஞ்சா. இன்னும் உள்ளே. வெதுவெதுன்னு ஒரு குதிகால். காலையிலே பார்த்த அதே காய்ச்சல் சூடு.

இழுத்துப் போட்டாங்க. பிள்ளை அசையலை. ஜெயபாய் விரலை விட்டு வாயில இருந்த பருத்தியை வழிச்சா. ஒண்ணுமில்லை. இன்னொருக்க வழிச்சா. ஒரு தும்மல்!

"நான் மூச்சுக் காட்டவே இல்லம்மா," பிள்ளை விம்முச்சு.

வேலை அன்னைக்கே போச்சு. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனவ அந்தக் கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

உங்க வீட்டுல இருட்டுல கை நீட்டுற பக்கமெல்லாம் பிள்ளைச் சூடு தட்டுப்படட்டும், என் தங்கங்களா.