ஜமீனுக்குச் சோறு

என் புருஷன் கன்னையன் ஏலத்தோட்டக் காவலுக்குச் சேர்ந்தபோது, முதலாளி கலீபுல்லா போடியிலிருந்து ஜீப்பில் ஏறி வந்து பார்த்தது அவரை அல்ல, எங்கள் ராஜபாளையத்து நாயைத்தான். என் இடுப்பு உயரம், பால் வெள்ளை, பெயர் ஜமீன். வேலையும் இந்தத் தோட்டத்து வீடும் அவனுக்குக் கிடைத்தவை. நாங்கள் அவனோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள்.

ஏலக்காய் திருட வருகிறவர்கள் கறியில் விஷம் வைத்து வீசுவார்கள் என்று, தன் கையால் கொடுத்தால் மட்டுமே தின்ன வேண்டும் என ஜமீனைப் பழக்கியிருந்தார் என் புருஷன். நான் சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சமைப்பது நான், மரியாதை அவருக்கு! "பொண்டாட்டி கையிலகூடத் திங்கமாட்டான்" என்று குரங்கணி ஊர் முழுக்கப் பெருமை வேறு. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் மழையில் சரிவில் வழுக்கி விழுந்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். துணைக்கு அவர் தம்பி. இது காய் பறிக்கிற நேரம், நான் தோட்டத்தை விட்டு நகர முடியாது. அன்றிலிருந்து ஜமீன் பட்டினி. தோட்டத்துக் கேட்டுக்கும் காய் உலர்த்துகிற ஸ்டோருக்கும் நடையாய் நடக்கிறான். சட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அவன் பின்னாலேயே நடக்கிறேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"பசிச்சாலும் பொறுத்துக்குவான், நீ ஊட்டிராத. ஒன் கையில தின்னா நாளைக்கு எவன் கையிலயும் திம்பான். அப்புறம் மொதலாளி நம்மள எதுக்கு வச்சிருப்பாரு?" என்றார்.

இன்று காலை ஜமீன் எழவே இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! "வேலை போனாப் போகுது, நீ செத்துத் தொலையாத" என்று திட்டிக்கொண்டே பால்சோற்றைப் பிசைந்து அவன் வாயருகே வைத்தேன். திருப்பிக்கொண்டான். மறுபடியும் வைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன நினைத்தானோ, என் விரலை நக்கினான். பிறகு தின்றான்.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் போன் வந்தது.

"தின்னானா?"

"இல்ல" என்று பொய் சொன்னேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சுப்பு, பய செத்துருவான் போல. எப்படியாச்சும் ஊட்டிரு. இந்தச் சோலி போனா வேற சோலி பாத்துக்கலாம்."

"தின்னுட்டான்யா. இப்பத்தான், என் கையில."

அவர் கேட்டார்.

"சட்டியில மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அதையும் ஊட்டிரு."